பழைய வெள்ளிப் பூசைக் கிண்ணமும் அதன் முத்திரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பழைய வெள்ளிச் சாமான்களில் உள்ள முத்திரைகளைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்காக ஆரம்பித்து, இப்போது பாதி வேலையாகிவிட்டது. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கோவில்பிள்ளைகளும் (கிறிஸ்தவக் கோவிலைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள்) பங்குப் பேரவை ஆட்களும், பூசையில் திராட்சை ரசம் ஊற்றி வைக்கும் கிண்ணத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

இது வெள்ளியா, இல்லையா? அதை மட்டும் சொன்னால் போதும்.

"எந்தப் பாகம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகம் சுருங்கும். கிண்ணம் என்றால் ஒரே பொருள் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பூசைக் கிண்ணம் பெரும்பாலும் மூன்று நான்கு துண்டு. மேலே திராட்சை ரசம் ஊற்றும் கிண்ணம், கீழே தண்டு, தண்டின் நடுவே பிடித்துக்கொள்ள ஒரு குமிழ், அடியில் விரிந்த பாதம். எல்லாவற்றையும் கோத்து நடுவில் ஒரு மரையாணி ஓடும். பாதத்துக்கு அடியில் நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு உலோகமாக இருக்கலாம்.

போன மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒருவர் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, டிபன் கேரியரின் பெரிய அடுக்கில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கொண்டுவந்தார். முழுக்கத் தங்கமுலாம், பார்வைக்கு ஒரே வார்ப்பு மாதிரி. நட்டைக் கழற்றித் தனித்தனியாக எடைபோட்டேன். மேல்கிண்ணம் வெறுமனே 208 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 188. குறைந்தது 20 கிராம். 208ஐ 20ஆல் வகுத்தால் 10.4, அதாவது தண்ணீரைப் போல 10.4 மடங்கு கனம். சுத்த வெள்ளிக்கு அந்த எண் 10.49, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி என்றால் 10.4 வரும். பாதம் 340 கிராம், தண்ணீருக்குள் 300. வகுத்தால் 8.5. அது பித்தளை. தலை வெள்ளி, கால் பித்தளை. ஏமாற்று வேலை இல்லை. கிண்ணம் பிரெஞ்சு வேலை. பிரெஞ்சுக்காரர்கள் செலவைக் குறைக்க அப்படித்தான் நிறையச் செய்து விற்றார்கள். ரசம் படும் இடம் வெள்ளியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

முத்திரையை எங்கே தேடுவது?

கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம். பாதத்தின் ஓரத்தில், அல்லது பாதத்தைக் கவிழ்த்தால் உட்பக்கம். நட்டைக் கழற்றினால் கிண்ணத்தின் அடியிலும் சில சமயம் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்லென்ஸ் வேண்டும். செல்போன் கேமராவை நம்பினால் சிங்கம் பூனையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்துப் பாருங்கள். நேராக டார்ச் அடித்தால் பளபளப்பு மட்டும்தான் கண்ணில் படும்.

கிண்ணத்தில் ஒரு முத்திரை, பாதத்தில் இன்னொன்று, பூசை அப்பம் வைக்கும் தட்டில் வேறொன்று இருந்தால் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாதம் உடைந்துபோய் வேறு கிண்ணத்தின் பாதத்தை மாட்டியிருப்பதும் உண்டு.

நடந்துபோகும் சிங்கம் ஒன்று இருக்கிறது. என்ன அர்த்தம்?

ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும் சிங்கம் என்றால் இங்கிலாந்து, ஸ்டெர்லிங் வெள்ளி. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. நம் ஊர்க் கணக்கில் 92.5 டச். இந்தச் சிங்கம் 1544லிருந்து குத்தப்படுகிறது.

ஆனால் சிங்கம் தனியாக வராது, கூட ஆட்கள் இருப்பார்கள். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதிக்கப்பட்டது. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். கிரீடம் என்றால் ஷெஃபீல்டு. கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு எதற்கு நங்கூரம் என்று கேட்பீர்கள். 1773ல் அந்த இரண்டு ஊர்க்காரர்களும் சோதனைச் சாலை கேட்டு லண்டனுக்குப் போனபோது, தங்கியிருந்த சாராயக்கடையின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்', அதில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வருடமும் சின்னங்களும் நிஜம்.

அடுத்தது ஒற்றை எழுத்து. இதுதான் வருடத்தைச் சொல்லும். லண்டனில் 1478லிருந்து வருடத்துக்கு ஓர் எழுத்து. அவர்கள் இருபது எழுத்தோடு ஒரு சுற்றை முடித்து, அடுத்த சுற்றில் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் மாற்றிவிடுவார்கள். உதாரணத்துக்கு, 1876ல் பெரிய எழுத்து 'ஏ'யில் தொடங்கிய சுற்றில் 'என்' வந்தால் 1888 ('ஜே'யை விட்டுவிட்டு எண்ண வேண்டும்). அதே 'என்' பர்மிங்ஹாமில் வேறு வருடம். அதனால் ஊர்ச் சின்னத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து வருடம் சொல்பவரை நம்ப வேண்டாம். இன்னொரு நுணுக்கம்: அந்தக் காலத்தில் லண்டனில் எழுத்து மாறியது மே மாதக் கடைசியில். ஆகவே 'என்' என்றால் 1888 மேயிலிருந்து 1889 மே வரை.

ராணி அல்லது ராஜாவின் தலை ஒன்று தனியாக இருந்தால் அது வரி கட்டியதற்கான அடையாளம். 1784லிருந்து 1890 வரைதான் குத்தினார்கள். எழுத்து தேய்ந்துபோன கிண்ணத்தில் இந்தத் தலை இருந்தாலே பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது இல்லை என்று சொல்லலாம். கடைசியாக இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் சேர்ந்தாற்போல் இருப்பது செய்தவரின் முதலெழுத்து.

எடின்பரோ என்றால் கோட்டையும் முள்பூவும், டப்ளின் என்றால் கிரீடம் வைத்த யாழ். இந்தப் பக்கத்தில் அவை கைக்கு வருவது அபூர்வம்.

நகைக்கடை விளம்பரத்தில் தினமும் காதில் விழும் 'ஹால்மார்க்' என்ற சொல்லே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் 'ஹால்' என்ற கட்டிடத்தில் குத்திய குறி என்பதிலிருந்து வந்ததுதான். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை தங்கத்துக்கு வந்தது 2000ல், வெள்ளிக்கு 2005ல். அதனால் 'பழைய கிண்ணம்' என்று சொல்லி பி.ஐ.எஸ். முக்கோணம் உள்ளதை யாராவது காட்டினால் சிரித்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் போட்ட மாதிரி ஒரு பெண் தலை தெரிகிறது. அது மாதாவா?

மாதா இல்லை, மினெர்வா. ரோமர்களின் தேவதை. கிறிஸ்தவப் பூசைக் கிண்ணத்தில் வேற்று மதத்துத் தேவதையா என்று ஒரு பங்குச் சாமியாரே என்னிடம் சிரித்தார். பிரெஞ்சு அரசாங்கம் 1838லிருந்து வெள்ளிக்குக் குத்தும் முத்திரை அது. நெற்றிக்கு முன்னால் 1 என்ற எண் இருந்தால் ஆயிரத்துக்கு 950 வெள்ளி. தாடைக்குக் கீழே 2 இருந்தால் 800. முதல் தரத்தில் முத்திரையைச் சுற்றியுள்ள சட்டகம் எட்டு மூலை கொண்டது, இரண்டாம் தரத்தினுடையது பீப்பாய் வடிவம். எண் தேய்ந்திருந்தாலும் சட்டகத்தின் வடிவத்தை வைத்துத் தரத்தைப் பிடித்துவிடலாம்.

அதன் பக்கத்திலேயே சாய்சதுரத்துக்குள் செய்தவரின் எழுத்துகளும் ஒரு சின்னமும் இருக்கும். இந்தச் சாய்சதுரம் முக்கியம். வெள்ளி வேலைக்காரருக்குச் சாய்சதுரம், முலாம் வேலைக்காரருக்குச் சதுரம் என்று அவர்கள் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. டிபன் கேரியர் கிண்ணத்தில் விளிம்பில் மினெர்வாவும் சாய்சதுரமும் இருந்தன. பாதத்தில் சதுரம்கூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பிரெஞ்சு முத்திரையை அடிக்கும்போது பொருளுக்கு அடியில் வைக்கும் பட்டடையிலேயே நுண்ணிய பூச்சி உருவங்களைச் செதுக்கியிருப்பார்கள். மேலே மினெர்வா பதியும் அதே அடியில் மறுபக்கம் வண்டும் ஈயும் பதியும். போலி முத்திரை செய்பவன் ஓர் அச்சைத் திருடலாம், பட்டடையையும் சேர்த்துத் திருட முடியாது. கிண்ணத்தின் உட்பக்கம் முலாம் கனமாக இல்லாவிட்டால் லென்ஸில் பூச்சியின் கால்கள் தெரியும். நான் முதன்முதலில் பார்த்தபோது அது கீறல் என்று நினைத்துத் துணியால் தேய்த்தேன்!

சேலத்தில் எப்படிப் பிரெஞ்சு வெள்ளி? இங்கே ஆண்டது வெள்ளைக்காரன்தானே?

ஆண்டது இங்கிலீஷ்காரன், பூசை வைத்தது பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள்தான் புதுச்சேரியை மையமாக வைத்து இந்தப் பக்கம் வேலை செய்தார்கள். சேலம் மறைமாவட்டம் 1930ல் உருவானபோது முதல் ஆயராக வந்தவரும் அந்தச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்தான். ஏற்காட்டில் 1917ல் மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கிய சகோதரர்களின் சபையும் பிரான்சில் பிறந்தது. ஊரிலிருந்து கிளம்பும் குருவுக்கு வீட்டாரோ சொந்தப் பங்கோ கிண்ணம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுப்பது வழக்கம். அப்படித்தான் மினெர்வா மலையேறினாள்.

ஆங்கிலேயக் கிண்ணங்கள் வந்த வழி வேறு. 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி நட்டுவைத்த பிறகு தோட்டத் துரைமார்கள் குடியேறினார்கள். லண்டன் மிஷன் சங்கம் 1827ல் சேலத்துக்கு வந்தது. கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு சபைகளின் பாத்திரத்துக்கும் முத்திரை பார்க்காமலே ஒரு வித்தியாசம் சொல்லலாம். சபையார் எல்லோரும் குடிக்கும் திருவிருந்துக் கிண்ணம் ஆழமாக, பெரிதாக இருக்கும். சாமியார் மட்டும் குடித்த காலத்துக் கத்தோலிக்கக் கிண்ணம் சின்னது. பாதத்தில் ஒரு சிலுவை இருக்கும். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகும்போது எடுத்துச் செல்லத் தோல் பெட்டிக்குள் மூன்று துண்டாகக் கழற்றி வைக்கும் குட்டிக் கிண்ணங்களும் உண்டு. முத்திரை தேடும்போது பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விற்ற கடையின் பெயர் மூடியின் உள்பட்டில் அச்சாகியிருக்கும்.

நான்கு கேடயங்களுக்குள் ஈ, பி, என், எஸ் என்று அழகாக இருக்கிறது. நல்ல முத்திரைதானே?

இல்லை. அது எலக்ட்ரோ முலாம் பூசிய நிக்கல் சில்வர். நிக்கல் சில்வர் என்பது நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்வதுதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில் மட்டும் வெள்ளி. பர்மிங்ஹாம் எல்கிங்டன் கம்பெனி 1840ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, உலகமெங்கும் கோவில்களுக்குப் போன சாமான்களில் நிறைய இந்த வகைதான். எழுத்துகளைக் கேடயத்துக்குள் வைப்பது, தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ முத்திரை வரிசை மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகவே. குமிழும் விளிம்பும் தேய்ந்து உள்ளே மஞ்சளோ சாம்பலோ எட்டிப்பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்கள் கிண்ணத்தில் முத்திரையே இல்லை. போலியா?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆங்கிலேயர் ஆண்ட காலம் முழுக்க இந்தியாவில் வெள்ளியைச் சோதித்து முத்திரை போட அரசுச் சாலையே கிடையாது. சென்னையில் பேர்பெற்ற பி. ஓர் அண்ட் சன்ஸ் தன் பெயரைக் குத்தியது. கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி எழுத்துகளோடு ஒரு யானையையும் குத்தியது. அவை கடையின் வாக்குறுதி, அவ்வளவுதான். பெயரும் குத்தத் தெரியாத, குத்தத் தேவையில்லாத ஆசாரிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

உள்ளூர் வேலை என்றால் பாதத்தின் உட்பக்கம் சுத்தியல் தடம் வட்டவட்டமாகத் தெரியும். குமிழில் திராட்சைக் கொடி இருக்க வேண்டிய இடத்தில் மாங்காயும் தாமரை இதழும் இருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தேன்: சிலுவைக்குக் கீழே, நம் ஊர்க் குத்துவிளக்கின் பாதத்தில் வருகிற அதே இதழ் அடுக்கு. விக்டோரியா காலத்து பர்மிங்ஹாம் கிண்ணங்கள் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கோதிக் பாணியைக் காப்பியடித்தவை. அவற்றை விட இந்தக் கிண்ணம் என் கண்ணுக்கு அழகு. முத்திரை இல்லாததால் அதைப் பழைய வெள்ளிக்குப் போடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடையில் மிஷினில் வைத்துப் பார்த்தார்கள், தங்கம் என்று காட்டியது!

எக்ஸ்ரே மிஷின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். மேலே முலாம் இருந்தால் முலாமைத்தான் படிக்கும். முலாம் தேய்ந்த இடத்தில், நான்கைந்து புள்ளிகளில், ஒவ்வொரு துண்டிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரைப்பது, நைட்ரிக் ஆசிட் சொட்டு வைப்பது எல்லாம் கொலுசுக்குச் சரி. பூசைக் கிண்ணத்தில் ஆசிட் வடு போகவே போகாது. தண்ணீர் எடை முறை போதும். ஆனால் நட்டைக் கழற்றி ஒவ்வொரு துண்டாகச் செய்தால்தான் கணக்கு சரியாக வரும்.

பாதத்தின் அடியில் ஆணியால் கீறிய மாதிரி எண்கள். யாராவது குழந்தை கீறியதா?

நல்ல வேளை, அழிக்காமல் கேட்டீர்கள். "12, 5" என்பது போல இருந்தால் பெரும்பாலும் எடை: 12 ட்ராய் அவுன்ஸ், 5 பென்னிவெயிட். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், 20 பென்னிவெயிட் ஓர் அவுன்ஸ். ஆக 12¼ அவுன்ஸ், சுமார் 381 கிராம். இப்போது எடைபோட்டு ஐந்தாறு கிராம் குறைந்தால் இத்தனை வருடத் தேய்மானம். ஐம்பது கிராம் குறைந்தால் ஏதோ ஒரு துண்டு மாறியிருக்கிறது. "எக்ஸ் தோனோ" என்று லத்தீனில் பொறித்திருந்தால் இன்னார் கொடுத்த அன்பளிப்பு, "ஒராத்தே ப்ரோ" என்றால் இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். கொடுத்தவர் பெயரும் வருடமும் கூடவே இருந்தால் அதைவிடப் பெரிய முத்திரை வேண்டாம்.

கறுத்துப்போய்விட்டது. எப்படித் துலக்குவது?

திருநீறு, பல்பொடி, புளி, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். பொடி போட்டுத் தேய்க்கும்போது படலத்தோடு வெள்ளியும் போகும், முத்திரையின் ஓரங்களும் போகும், முலாமும் போகும்.

பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிய நுரைத் தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். எங்கள் பட்டறைகளில் பரம்பரையாகச் செய்வது. ஈரம் பாதத்துக்குள் தங்காமல் உடனே துடைத்து நிழலில் காயவையுங்கள். கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருந்தால் இருக்கட்டும், குழிவான இடத்தில் அதுதான் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, கறுப்பு வளையம் விழும். ஏற்காட்டுப் பனியில் அலமாரிக்குள் ஈரம் நிற்கும். கூடவே ஒரு சிலிக்கா பை போட்டு வைக்கலாம்.

முன்னெல்லாம் வயதான கோவில்பிள்ளை ஒருவர் கிண்ணத்தை என் வெறுங்கையில் தரவே மாட்டார். வெள்ளைத் துணியோடு சேர்த்துத்தான் நீட்டுவார். அவருக்கு அது பக்தி. வியர்வை உப்பால் விரல்ரேகை பதிந்து கறுக்கும் என்பதால் எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போது நான் யாருடைய வெள்ளியைத் தொட்டாலும் துணியோடுதான்.

பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தருவீர்களா? முலாம்?

பாலிஷ் மாட்டேன். காரணம், ஒருமுறை செய்துவிட்டேன். இருபது வருடம் இருக்கும். டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டறைப் பையன் ஒரு கிண்ணத்தை பஃப் சக்கரத்தில் பிடித்துவிட்டான். நான் அவனிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை, தவறு என்னுடையது. வந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி ஜொலிக்கிறது. சிங்கம் நிழலாக நிற்கிறது, வருட எழுத்து இருந்த இடம் வழவழ. கொண்டுவந்தவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உட்பக்க முலாம் வேறு விஷயம். தங்கத்தைவிடத் தாழ்ந்த உலோகம் என்றால் உள்ளே முலாம் வேண்டும் என்று கத்தோலிக்க வழிபாட்டு விதியே சொல்கிறது. புளித்த ரசம் செம்பு கலந்த உலோகத்தில் பட்டால் பச்சை பூக்கும், அது வயிற்றுக்கு ஆகாது. ஆகவே உள்ளே தேய்ந்திருந்தால் மறுமுலாம் போடுங்கள். வெளிப்பக்கத்தை, முக்கியமாக முத்திரையை, மறைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். விரிசலுக்கு ஈயப்பற்று வைக்க விடாதீர்கள். பின்னால் யாராவது வெள்ளிப்பற்று வைக்கச் சூடாக்கினால் அந்த ஈயம் வெள்ளியை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

விற்கலாமா? வெளிநாட்டில் நல்ல விலை என்கிறார்கள்.

நூறு வருடத்தைத் தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றம். கத்தோலிக்கக் கோவில் என்றால், கலையாலோ சரித்திரத்தாலோ விலைமதிப்புள்ள பொருளைக் கைமாற்ற ரோமாபுரியின் அனுமதியே வேண்டும். பங்குப் பேரவைத் தீர்மானம் போதாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் திருமண்டல அலுவலகத்தைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். அப்புறம், படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு விலை கேட்காதீர்கள். படம், எடை, உயரம், முத்திரைகளின் வரைபடம் எல்லாவற்றையும் கோவில் சொத்துப் பதிவேட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. பிளையர் போடலாமா?

வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் துணியைச் சுற்றிக் கையால் திருப்புங்கள். வரவில்லை என்றால் இன்னொரு சொட்டு, இன்னொரு ராத்திரி. கழற்றுவதற்கு முன் கிண்ணமும் பாதமும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், சிலுவை கோணலாகிவிடும். பாதத்தின் குழிக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சியால் தட்டினால் உதிர்ந்துவிடும். நட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அந்த மரையைக் கையால் வெட்டியிருப்பார்கள். அதற்குப் பொருந்தும் நட்டு சேலத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது.